ஜாக்குலின் குடிவைத்த பேய்கள்

ஜாக்குலின் என்கிற பெயரை அமல்ராணி முதன்முதலாகக் கேட்டது, தன் புருஷன் செத்துப்போனான் என்கிற சேதியோடு சேர்த்துத்தான்.

அது 2009ஆம் வருஷம், மழை விட்டுப்போன ஒரு ஞாயிற்றுக்கிழமை. திண்டிவனத்து மாதா கோயிலில் காலைப் பூசை தொடங்கும் முன்னே ஒருவர் மைக்கைப் பிடித்து, அன்றைய பூசை யார் யாருக்காக ஒப்புக்கொடுக்கப்படுகிறது என்று வாசிப்பார். பரீட்சை எழுதுகிற பிள்ளைக்காக ஒன்று, நல்லபடி பிரசவம் ஆனதற்கு நன்றியாக ஒன்று, அப்புறம் இறந்தவர்கள் வரிசை. "அனந்தபுரம் சவுரிராயன் ஆன்மா இளைப்பாற்றி அடைய வேண்டி, நண்பர்கள்" என்று வாசித்துவிட்டு அவர் அடுத்த பெயருக்குப் போய்விட்டார். அமல்ராணியால் போக முடியவில்லை. அந்தப் பெயரிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அனந்தபுரம் சவுரிராயன் அவள் புருஷன். லாரி டிரைவர். 1993இல் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போனான். லாரி திரும்பி வந்தது, கிளீனர் திரும்பி வந்தான், அவன் வரவில்லை. ஏதோ ஓர் ஊரில் டீ குடிக்க இறங்கினவன் அப்படியே போய்விட்டான் என்றான் கிளீனர். மகன் மரிய அருண் அப்போதுதான் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்திருந்தான். அன்றிலிருந்து அமல்ராணி கட்டினவளும் இல்லை, இழந்தவளும் இல்லை. எண்ணெய் மில்லில் மல்லாட்டை உடைக்கிற வேலைக்குப் போய்ப் பிள்ளையை வளர்த்தாள். தாலியைக் கழற்றவில்லை. ஆனால் கல்யாண வீட்டில் நலங்கு வைக்கக் கூப்பிட்டால், சின்ன மாமியார் மகள் ஒரு மாதிரிப் பார்ப்பாள் என்று பின்னாலேயே நின்றுகொள்வாள். துக்க வீட்டிலும் அதே கதைதான். எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் யாராவது ஒருத்தி திரும்பிப் பார்த்தாள்.

பூசை முடிந்ததும் பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். கோயில் அலுவலகத்தில் விசாரித்தால், பூசைக்குக் கொடுத்தது ஷேர் ஆட்டோ ஓட்டுகிற மாரியப்பன் என்றார்கள். மாரியப்பன் இந்து. அவனுக்கும் சவுரிராயனுக்கும் என்ன சம்பந்தம் என்று யாருக்கும் புரியவில்லை. அலுவலகத்துக்காரர் அவனுக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் போட்டதால் எல்லோருக்கும் கேட்டது.

"ஏம்ப்பா, சவுரிராயன்னு பூசைக்குக் குடுத்தியே, அவரு செத்தது நிஜந்தானா?"

ஆட்டோ இரைச்சலுக்கு நடுவே, "ஆமாங்க. போன ஞாயித்துக்கெழம. ஓங்கூர் பாலத்தாண்ட லாரி அடிச்சிட்டுது. சந்தேகம்னா ஜாக்குலின் மேடத்தைக் கேளுங்க. அவங்கதான் சொன்னாங்க. பூசையை மட்டும் வேணாம்னு திருப்பிடாதீங்க சாமி" என்றான்.

அவ்வளவுதான். ஊர், நாள், பாலம், லாரி, சாட்சிக்கு ஒரு பெயர். இதற்கு மேல் ஒரு சாவுக்கு என்ன வேண்டும்?

அருண் எலக்ட்ரீஷியன். அன்றைக்கு ஒலக்கூர் பக்கம் ஒரு புது வீட்டுக்கு வயரிங் இழுக்கப் போயிருந்தான். போன் எடுக்கவில்லை. அனந்தபுரத்துக்குச் சேதி போனது. சவுரிராயனின் அக்கா ஜெசிந்தா பத்து மணி பஸ்ஸிலேயே உறவைக் கூட்டிக்கொண்டு வந்து இறங்கினாள். வாசலில் சாமியானா கட்டினார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்தன. இரண்டு பேர் பிணத்தைத் தேடி விழுப்புரத்து ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்கள். அமல்ராணி கூடத்தின் நடுவில் உட்கார வைக்கப்பட்டிருந்தாள். அழுகை வரவில்லை. ஜெசிந்தாவின் மடியில் ஒரு பையில் வெள்ளைப் புடவை இருந்தது அவள் கண்ணில் பட்டது. சாயங்காலத்துக்குள் தன் கழுத்தில் இருப்பதை எடுத்துவிடுவார்கள் என்பது மட்டும்தான் அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

ஜாக்குலின் ஞாயிற்றுக்கிழமைகளில் விழுப்புரத்திலிருந்து பாசஞ்சரில் திண்டிவனத்துக்கு வருவாள். அன்றைக்கும் மதியத்துக்கு முன்னால் வந்து இறங்கினாள். மாரியப்பன் ஸ்டேஷன் வாசலில் சந்தோஷமாக நின்றிருந்தான்.

"மேடம், நம்ம சவுரிராயனுக்குப் பூசை குடுத்துட்டேன். என் ஆளு உசிரக் காப்பாத்தினவரு. சும்மா விட மனசு வரலை. கிறிஸ்டின் ஆளுங்களுக்குச் செத்தா இன்னா செய்வாங்கன்னு நம்ம நர்ஸ் அம்சாகிட்டதான் கேட்டேன். கோயில்ல வேற போன் பண்ணி நிஜந்தானான்னு கேட்டாங்க. கதைன்னா திருப்பிடப் போறாங்கன்னு, ஆமான்னுட்டேன்."

"கோயில்ல பேரை வாசிப்பாங்களே, தெரியுமா?"

"வாசிப்பாங்களா? யாருக்குக் கேக்கும்?"

அப்போதுதான் அம்சாவிடமிருந்து போன் வந்தது, அருண் வீட்டில் சாமியானா கட்டியிருக்கிறார்கள் என்று. அருண் விளையாட்டில் தன் ஆளுக்கு வைத்த பெயர் யாருடையது என்று ஜாக்குலினுக்கு அந்த நிமிஷம் விளங்கியது. எதிர்ப் பிளாட்பாரத்தில் விழுப்புரம் போகிற வண்டி நின்றிருந்தது. ஏறியிருந்தால் யாரும் எதுவும் சொல்லியிருக்க மாட்டார்கள். அவள் ஆட்டோவில் ஏறி, "அந்த வூட்டுக்கு விடுங்க அண்ணா" என்றாள்.

பிற்பாடு இதை மாரியப்பன் சொல்லும்போதெல்லாம், "வேணாம் மேடம்னு நான் ரெண்டு தரம் வண்டியை ஓரங்கட்டினேம்மா, அவங்க பாட்டுக்கு உக்காந்துக்கினு இருந்தாங்க" என்பான்.

ஜாக்குலினுக்கு அப்போது இருபத்தைந்து வயசு இருக்கும். ஒல்லி, கண்ணாடி போட்டவள், பேசும்போது கையை ஆட்டுகிறவள். சாமியானாவுக்குள் வந்து செருப்பைக் கழற்றிவிட்டு, ஆம்பளைகள் உட்கார்ந்திருந்த பக்கத்தைத் தாண்டி நேராக அமல்ராணி முன்னால் மண்டிபோட்டு உட்கார்ந்தாள்.

"அம்மா, நான்தான் ஜாக்குலின். உங்க வூட்டுக்காரரு சாகலை. அதாவது, செத்தாரான்னு எனக்குத் தெரியாது. எனக்கு அவரைத் தெரியவே தெரியாது. செத்தது நாங்க விளையாடற விளையாட்டுல ஒரு ஆளு. அந்த ஆளுக்கு அருண் அவங்கப்பா பேரை வச்சிருக்காரு. எனக்கு இப்பதான் தெரியும். தப்பு எங்க மேலதான்."

ஜெசிந்தாதான் முதலில் எழுந்தாள்.

"இன்னாடி விளையாட்டு அது, மனுஷனைச் சாவடிக்கிற விளையாட்டு?"

"பேச்சு விளையாட்டுங்க. ஆளாளுக்கு ஒரு ஆளா இருப்பாங்க. சுத்தி இன்னா நடக்குதுன்னு நான் சொல்வேன், அவங்கவங்க இன்னா செய்றாங்கன்னு அவங்க சொல்வாங்க. பேயும் வரும்."

"பேயி ஓட்டறவளா நீ?"

"ஓட்டலைங்க. குடிவைக்கிறேன்."

அவள் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்குச் சரியான பதில் அதுதான் என்று சொன்னாள். நாற்காலியில் இருந்த ஒரு கிழவர் தோளில் கிடந்த துண்டை எடுத்துச் சிரிப்பை மூடிக்கொண்டார். ஜெசிந்தா விடவில்லை. கலியாணம் ஆகாத பொண்ணு ஆம்பளைகளோடு உட்கார்ந்து பேய் வளர்க்கிறாளாம், பெத்தவன் இருக்கானா இல்லையா, இதைக் கேட்க ஆள் இல்லையா என்று வாய்க்கு வந்ததெல்லாம் பேசினாள். ஜாக்குலின் ஓடிப்போகவில்லை. மண்டிபோட்டவள் மண்டிபோட்டபடியே இருந்தாள்.

அமல்ராணிக்கு ஒரு பழக்கம் உண்டு. புது முகம் எதைப் பார்த்தாலும் யார் வீட்டுப் பிள்ளை என்று தெரியாமல் அவளுக்கு மேலே ஓடாது. தன் வீட்டுச் சாவு நடுவிலும் அது விடவில்லை.

"நீ யாரு வூட்டுப் பொண்ணு?"

"விழுப்புரம் ரயில்வேல கேங்மேனா இருந்தாரே இருதயம், அவரு பொண்ணு."

"பேரணி ஊர்க்காரரு இருதயமா? அவங்கம்மா எங்க பெரியம்மாவுக்குத் தங்கச்சி முறை. அப்படின்னா உங்கப்பா எனக்கு அண்ணன் ஆவணும். நான் உனக்கு அத்தை." சொல்லிவிட்டுக் கொஞ்சம் மூச்சு விட்டாள். "அந்த விளையாட்டுல அவரு எப்பிடிச் செத்தாரு? சொல்லு."

"அது கதை அத்தை."

"கதையிலதான் கேக்கறேன்."

அதற்கப்புறம் ஜாக்குலின் சொன்னதைத் திண்டிவனத்தில் அந்தத் தெருவே கேட்டது. சாமியானாக்காரன் கயிற்றைப் பிடித்தபடி கேட்டான்.

அவள் உண்டாக்கின உலகம் இப்படி. திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே பெரிய ரோட்டின் இரண்டு பக்கமும் புளியமரங்கள் இருந்தது எல்லோருக்கும் தெரியும். நாலு வழியாக்கும்போது அத்தனையையும் வெட்டினார்கள். ஜாக்குலின் அப்போது வேலைக்குப் பஸ்ஸில் போய்வந்துகொண்டிருந்தாள். விக்கிரவாண்டி தாண்டினால் தினமும் நாலு மரம் படுத்துக் கிடக்கும். மரத்துக்கு ஒரு பேய் என்றால் இத்தனை பேயும் எங்கே போகும் என்று அவளுக்கு ஒரு யோசனை. மனுஷனிடம்தான் வரும். வாசலில் நின்று குடியிருக்க இடம் கேட்கும். இடம் கொடுத்தவனுக்குப் பலம் வரும். கம்பி வேலைக்காரன் ஓடுகிற ரயிலைக் கையால் நிறுத்துவான். நர்ஸ் தொட்டால் ரத்தம் நிற்கும். கரும்பு வெட்டுகிறவள் தோகைமேல் காத்தாய் ஓடுவாள். ஆனால் குடிவந்த பேய் வாடகை தரும் என்று நினைக்கக்கூடாது, அதுதான் வாடகை வாங்கும். பலத்தை ஒரு தரம் எடுத்தால் ஓர் உறவை மறக்கவேண்டும். சித்தி போவாள், மச்சான் போவான், கூடப்பிறந்தது போகும். நேரில் வந்து நின்றாலும் அடையாளம் தெரியாது. எல்லா உறவும் போய்விட்டால் அந்த உடம்பு பேய்க்கே சொந்தம். அப்படி ஆனவர்கள் ரோட்டோரமாக நின்று போகிற வண்டிக்கெல்லாம் கை காட்டிக்கொண்டிருப்பார்கள். நிறுத்தினால் தீர்ந்தது.

"சவுரிராயன் லாரி டிரைவரு. எந்த வண்டியையும் தொடாம நிறுத்துவாரு" என்றாள் ஜாக்குலின். "போன வாரம் ஓங்கூர் பாலத்துல ஒரு பஸ்ஸு மாட்டிக்கிச்சு. உள்ள மாரியப்பன் அண்ணன் ஆளு, அம்சா ஆளு, அப்புறம் சனங்க. கை காட்டறவங்க எட்டு லாரியை ஒண்ணு பின்னால ஒண்ணா ஏவி விட்டாங்க. அவரு ஒவ்வொண்ணா நிறுத்தினாரு. ஒவ்வொண்ணுக்கும் ஒரு உறவு போச்சு. கடைசி லாரி வரும்போது அவருகிட்ட ரெண்டே பேருதான் மிச்சம். பொண்டாட்டியும் புள்ளையும்."

"அப்புறம்?" என்றான் சாமியானாக்காரன்.

"யாரை வுடறீங்கன்னு அருணைக் கேட்டேன். ரெண்டு பேரையும் வுடமாட்டேன்னாரு. பலம் இல்லாம சும்மா மனுஷனா நடு ரோட்டுல போய் நின்னுட்டாரு. லாரி அவரு மேல ஏறித் திரும்பிச்சு. பஸ்ஸு தப்பிச்சிது."

வெளியே யாரோ ஒருத்தி மூக்கைச் சிந்தினாள். மாரியப்பன் வாசற்படியில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

ஜெசிந்தாவும் கண் கலங்கித்தான் போனாள். ஆனாலும் பையைப் பிரித்தாள். "கதையோ நிஜமோ, அமலு, வராதவன் இனிமே வரப்போறதில்ல. பூசையும் வாசிச்சாச்சு, சனமும் வந்தாச்சு. இன்னைக்கே முடிச்சிடலாம். எத்தினி நாளைக்கு இப்பிடியே அரைகுறையா நிப்ப?"

"செத்துட்டாருன்னு தெரிஞ்சா நானே கழட்டுவேன் அண்ணி. அழவும் அழுவேன். தெரியாததுக்கு அழமாட்டேன்" என்றாள் அமல்ராணி. "புடவையை உள்ள வையுங்க. வந்தவங்களுக்கு டீ சொல்லுங்க."

அன்றைக்கு அந்தக் கழுத்திலிருந்து எதுவும் இறங்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் பிணம் இல்லை என்று வருத்தமாக வந்து சொன்னார்கள். சாமியானாக்காரன் பிரிக்கலாமா வேண்டாமா என்று மூன்று பேரிடம் கேட்டான். சாயங்காலம் வந்த அருண், தெரு முனையிலேயே விஷயம் கேள்விப்பட்டு வீட்டுக்குள் வர வெட்கப்பட்டு நின்றான். அமல்ராணி அவனைத் திட்டவில்லை. சோறு போட்டாள். ரசத்தை ஊற்றும்போது மட்டும் அவன் தலையில் கொஞ்ச நேரம் கையை வைத்திருந்தாள்.

கோயில் சாமியார் ஜாக்குலினைக் கூப்பிட்டு விசாரித்தார். முழுக்கக் கேட்டுவிட்டு, "செஞ்ச பூசையைத் திரும்ப எடுக்க முடியாது, யாருக்காவது சேரும்" என்று சொல்லி அனுப்பினார். ஆனால் திண்டிவனத்தில் அவள் வேலை செய்த ஜெராக்ஸ் கடைக்காரர் அப்படி இல்லை. அதுவரை ஞாயிற்றுக்கிழமை மதியம் கடையின் பின்னறையில்தான் விளையாட்டு நடந்தது. பேய் பேரில் ஆள் சேர்க்கிற இடம் என்று தன் கடைக்குப் பேர் வரவேண்டாம் என்று அவர் அந்த அறைக்குப் பூட்டுப் போட்டுவிட்டார். இதைக் கேள்விப்பட்ட அமல்ராணி அருணிடம், "நம்ம வூட்டுக்கு வரச்சொல்லு. ஞாயித்துக்கெழம நான் சும்மாதான உக்காந்துக்கினு இருக்கேன்" என்றாள்.

அப்படி அவர்கள் வர ஆரம்பித்த பிறகுதான் ஜாக்குலினின் வேலை எப்படிப்பட்டது என்று அமல்ராணிக்குத் தெரிந்தது. பிளஸ் டூ முடித்து, கம்ப்யூட்டர் டிப்ளமா படித்து, அந்தக் கடையில் டைப்படிக்க வந்தவள். கடையில் இன்டர்நெட் இருந்தது. வேலை இல்லாத நேரத்தில் வெளிநாட்டுக்காரர்கள் இப்படி ஒரு விளையாட்டு விளையாடுவதைப் படித்துத் தெரிந்துகொண்டாள். அவர்கள் கதையில் இறுக்கமான உடுப்பு போட்டவன் கட்டடத்துக்குக் கட்டடம் பறப்பான். "நம்ம ஊர்ல பறந்தா கரண்டு கம்பியிலதான் அத்தை மாட்டுவான்" என்பாள். அதனால் எல்லாவற்றையும் முதலிலிருந்து தானே செய்தாள். அவர்களுக்குப் பல முகம் வைத்த பகடை வேண்டும். இவள் புளியங்கொட்டையை ஒரு பக்கம் சிமெண்டில் தேய்த்து வெள்ளையாக்கி, கையில் குலுக்கிப் போடச் சொன்னாள். எத்தனை வெள்ளை மேலே விழுகிறதோ அவ்வளவு பலிக்கும். மரத்திலிருந்து வந்த பேய்க்கு மரத்து விதைதானே சரி என்றாள். ஒரு பேய் எந்த ஊர் மரத்திலிருந்து வந்தது, அந்த ஊர்ப் பேச்சு எப்படி, எதைக் கண்டால் பயப்படும் என்பதெல்லாம் அவள் வாயிலேயே இருந்தது. திருவெண்ணெய்நல்லூர்ப் பேய் ஆத்துத் தண்ணி வற்றினால் சோர்ந்துபோகும். விக்கிரவாண்டிப் பேய் ஹாரன் சத்தத்துக்குப் பழகிப்போய், சத்தம் இல்லாத இடத்தில் தூங்காது.

முதலில் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்த அமல்ராணி, ஒரு நாள் தானும் ஆடுகிறேன் என்றாள். சுங்கச்சாவடியில் கூட்டுகிற ஒரு பொம்பளை அவளுடைய ஆள். ஒவ்வொருவரும் ஆட்டம் தொடங்குமுன் தன் ஆளுக்கு இருக்கிற உறவுகளைச் சொல்லவேண்டும். மற்றவர்களுக்குப் பத்தோ பன்னிரண்டோ வரும். அமல்ராணி சொல்ல ஆரம்பித்தவள் மாமியாரின் ஒன்றுவிட்ட தங்கை மருமகன் வரைக்கும் போய், டீ ஆறின பிறகும் நிறுத்தவில்லை.

"அம்மா, இது ஆவாது" என்றான் மாரியப்பன். "இவங்ககிட்ட குடிவந்த பேயி வாடகை வாங்கி வாங்கியே கெழடாயிப் பூடும்."

"இருக்கற உறவைச் சொல்லச் சொன்னா சொல்றேன். இல்லாதவங்க பேஜாரு அது."

ஜாக்குலின் சிரித்து ஓய்ந்து, பன்னிரண்டுக்கு மேல் கூடாது என்று அன்றைக்கே சட்டம் போட்டாள். அவள் விளையாட்டில் இன்றைக்கும் அது அமல்ராணி சட்டம்தான். இன்னொரு சட்டமும் அப்போது வந்தது. யாராவது இன்னும் வழி பார்த்துக்கொண்டிருக்கிற ஆளின் பெயரை வைக்கக்கூடாது. அதற்கு யார் பெயரும் வைக்கவில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருக்கையில் ஒரு நாள் கதை மறுபடி ஓங்கூர் பாலத்துக்கு வந்தது. பாலத்தில் வெளிச்சமாக ஒருத்தர் நிற்கிறார் என்றாள் ஜாக்குலின். செத்த சவுரிராயன். உறவு இரண்டை விடாமல் வைத்திருந்ததால் அவர் கை காட்டுகிறவராக ஆகவில்லை, பாலத்தைக் காவல் காக்கிறார். மற்றவர்கள் கும்பிட்டுக் கடந்தார்கள். அமல்ராணி முறை வந்தது.

"நான் கடக்கலை. நின்னு கேக்கறேன். எங்கய்யா போன நீ? டீ குடிக்க இறங்கி எங்க போன?"

அருண் தலையைக் குனிந்துகொண்டான். விளையாட்டில் கேட்ட கேள்விக்கு அந்த ஆளின் குரலில் ஜாக்குலின் பதில் சொல்லவேண்டும். அதுதான் முறை. எத்தனை குரல் அவளிடம் இருந்தது. ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். வழியில் காய்ச்சலாகப் படுத்துவிட்டேன் என்றோ, உன்னை மறக்கவில்லை என்றோ சொன்னால், அமல்ராணி அதை வாங்கி மடியில் கட்டிக்கொண்டு மிச்ச காலத்தை ஓட்டியிருப்பாள். அதற்காகத்தான் கேட்டாள் என்பது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரிந்தது.

ஜாக்குலின் கையிலிருந்த புளியங்கொட்டைகளைத் தரையில் வைத்தாள்.

"இதுக்கு எங்கிட்ட பதில் இல்ல அத்தை."

"எத்தினி பேயிக்குப் பேசற. ஒரு மனுஷனுக்குப் பேசறதுக்கு இன்னா?"

"பேயிங்கள நான் உண்டாக்கினேன். அவரை நான் உண்டாக்கலையே. நான் இப்ப ஒண்ணு சொன்னா நீங்க அதை நம்புவீங்க. அது அவரு சொன்னதா ஆயிடும். அப்புறம் நிஜமாவே ஒரு நாளு சேதி வந்தா, எதை நம்புவீங்க?"

அமல்ராணி எழுந்து உள்ளே போய்விட்டாள். அன்றைக்கு ஆட்டம் அதோடு நின்றது. கோபம்தான். இரண்டு ஞாயிறு கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தாள். யார் யாரோ குறி சொன்னதும், மில்லில் கூட வேலை செய்கிறவர்கள் கனவில் அவன் வந்து சொன்னதும், கிளீனருடைய மச்சான் பார்த்ததாகச் சொன்னதும் எல்லாம் இத்தனை வருஷமாக அவள் கேட்டுக் கேட்டு வாங்கி வைத்திருந்த சேதிகள்தான். ஒவ்வொன்றையும் கொடுத்தவர்கள் இரக்கப்பட்டுத்தான் கொடுத்தார்கள். எதுவும் ஒரு மாசத்துக்கு மேல் தாங்கவில்லை. இந்தப் பெண் ஒருத்திதான் கொடுக்கமாட்டேன் என்றாள். அதை யோசிக்க யோசிக்க, தன் முகத்தைப் பார்த்து அப்படிச் சொல்ல அவளுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று அமல்ராணிக்குத் தோன்றியது. மூன்றாவது ஞாயிறு காலையிலேயே எழுந்து கேப்பை அடை சுட்டு வைத்தாள். வந்த ஜாக்குலினைப் பார்த்து, "பாலத்தாண்ட நின்னுக்கினு இருக்கேன் இல்ல, கடந்துட்டேன்னு வச்சிக்கோ" என்றாள்.

2013இல் அருணுக்குத் திருவெண்ணெய்நல்லூரில் பெண் அமைந்தது. மெர்லின் என்று பெயர், நல்ல குடும்பம். பத்திரிகை அடிக்க ஜாக்குலின் கடைக்குத்தான் போனார்கள். அதற்குள் அவள் விழுப்புரத்தில் சொந்தமாகக் கடை போட்டிருந்தாள். ஜெசிந்தாவும் கூட வந்தாள். கம்ப்யூட்டரில் எல்லாம் வந்துவிட்டது, மாப்பிள்ளையின் அப்பா பெயர் போடுகிற இடம் மட்டும் நின்றது. இறந்தவர் என்றால் பெயருக்கு முன்னால் 'மறைந்த' என்று போடவேண்டும். அது வழக்கம். பத்திரிகையைக் கையில் வாங்குகிறவர்கள் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள். போட்டால், இத்தனை வருஷம் தெரியாததை அச்சில் ஏற்றி ஊர் முழுக்கக் கொடுத்த மாதிரி. போடாவிட்டால், மாப்பிள்ளை அப்பா எங்கே என்று கல்யாணத்தில் ஆளாளுக்குத் தேடுவார்கள்.

"மறைந்தன்னு போடும்மா. சம்பந்தி வூட்டுல கேள்வி கேக்கமாட்டாங்க" என்றாள் ஜெசிந்தா.

ஜாக்குலின் டைப்படிக்கவில்லை. திரும்பி அமல்ராணியைப் பார்த்தாள்.

"உனக்கு இன்னா தோணுது ஜாக்குலின்?"

"எனக்குத் தோணறது இதுல வரக்கூடாது அத்தை. நீங்க சொல்றதை அடிப்பேன்."

"பேரை மட்டும் போடு. முன்னாடியும் ஒண்ணும் வேணாம், பின்னாடியும் ஒண்ணும் வேணாம். அனந்தபுரம் சவுரிராயன், அமல்ராணி. அவ்ளோதான். கேக்கறவங்களுக்கு நான் சொல்லிக்கறேன், தெரியாதுன்னு."

"தெரியாதுன்னா சொல்லுவ? சபையிலயா?" என்றாள் ஜெசிந்தா.

"சொல்லுவேன் அண்ணி. இன்னா ஆயிடும்?"

அப்படியேதான் அச்சானது. கல்யாணத்தில் கேட்டார்கள். அமல்ராணி பட்டுப்புடவை கட்டி, பூ வைத்து, முதல் வரிசையில் நின்றபடி, "எங்க இருக்காருன்னு தெரியாதுங்க" என்று ஒவ்வொருவருக்கும் சொன்னாள். நலங்குக்கு அவள்தான் முதலில் கை வைத்தாள். சின்ன மாமியார் மகள் திரும்பிப் பார்த்தாளா என்று அவள் பார்க்கவில்லை. ஜாக்குலின் பந்தியில் இலை போட்டுக்கொண்டிருந்தாள்.

ஜாக்குலின் அந்த விளையாட்டை முழுக்கத் தமிழில் டைப் செய்து இன்டர்நெட்டில் போட்டிருக்கிறாள் என்று அருண் சொல்கிறான். மதுரையிலும் ஈரோட்டிலும் முகம் தெரியாத பிள்ளைகள் தங்கள் ஊர் மரத்துப் பேய்களைக் குடிவைத்து ஆடுகிறார்களாம். அவள் அதைப் பற்றிப் பெரிதாகப் பேசுவதில்லை. யாராவது புகழ்ந்தால், மாரியப்பன் அண்ணன் பூசை கொடுத்த அளவுக்கு எதுவும் இல்லை என்பாள்.

இப்போது ஜாக்குலின் விழுப்புரத்தில் கிழக்குப் பாண்டி ரோட்டில் அச்சுக்கடை வைத்து நடத்துகிறாள். தாயும் தகப்பனும் அவளோடு இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் திண்டிவனத்தில் அமல்ராணி வீட்டில் இருப்பாள்.